அனுப்பாத படகு

கலைமதிக்கு ஹாக்கி மட்டையை ஒழுங்காகப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி இருக்கிறதே, கலைமதி அதற்கும் ஒரு படி மேலே போய்க் கூடத்துக்கே அம்பயர் ஆகிவிட்டவள். திண்டிவனத்தில் காலேஜ் ஹாக்கி என்று பேச்செடுத்தால் கோல் போட்ட பையன்களின் பேர் யாருக்கும் ஞாபகம் வராது. "நம்ம அம்பயர் அக்கா குரூப்புதானே" என்பார்கள்.

அந்த வாட்ஸ்அப் குரூப்பை அவள் ஆரம்பித்தது பி.காம் படிக்கும்போது. மைதானத்து ஓரம் உட்கார்ந்துகொண்டு, மேட்சுக்கு வர முடியாதவர்களுக்கு ஸ்கோர் அடித்து அனுப்புவாள். வெறும் ஸ்கோர் அனுப்பினால் அது கலைமதி இல்லை. "ரைட் சைடுல ஜெகதீசன் போறான், மல்லாட்டக் கொல்லையில மாடு பூந்த மாதிரி போறான், ஓட்டறதுக்கு ஆளில்ல" என்று எழுதுவாள். படிப்பு முடிந்தது, கல்யாணம் ஆனது, பஸ் ஸ்டாண்டு பக்கம் இ-சேவை மையம் வைத்து உட்கார்ந்தாள். குரூப்பை மட்டும் விடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவன், துபாயில் ஏசி மாட்டுகிறவன், ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண், எல்லோரும் அதில் இருந்தார்கள். காலேஜ் டீம் ஜெயித்தால் அங்கே தீபாவளி. தோற்றால் எழவு வீடு.

குரூப்புக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. ஹாக்கியில் அம்பயர் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டை வைத்திருப்பாரே, அதே அட்டைகள்தான். ஜாதி பேசினாலோ, கட்சி பேசினாலோ, காலங்கார்த்தாலே குட்மார்னிங் பூ அனுப்பினாலோ பச்சைக் கட்டம் ஒன்று வரும். அது எச்சரிக்கை. மறுபடியும் செய்தால் மஞ்சள். அடுத்த மேட்ச் வரைக்கும் வெளியே நிற்க வேண்டும். சிவப்பு வந்தால் அதோடு சரி, திரும்ப வழியில்லை. கலைமதி சிவப்புக் கட்டம் போட்டுவிட்டால் குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு சிவப்புக் கட்டம் போட வேண்டும் என்பது அங்கே சம்பிரதாயம். போன் பூராவும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அதைப் பார்க்க அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

சிவப்பு வாங்கியவர்களில் பேர்போன ஆள் சவுரிராயன். விழுப்புரத்துக்காரன். அந்த ஊர் காலேஜ் டீமில் பெஞ்சில் உட்கார்ந்தே பழுத்தவன், இப்போது ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை. ஹாக்கி என்று வந்தால் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஏழாம் பொருத்தம். அவன் இந்தக் குரூப்புக்குள் புகுந்து வம்பிழுப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்தான். துரத்தினால் வேறு நம்பரில், பெண்பிள்ளைப் பேரில், வேறு படம் வைத்துக்கொண்டு வருவான். வந்ததும் "அம்பயர் அக்கா, சௌக்கியமா?" என்பான். கலைமதிக்கே சில சமயம் சிரிப்பு வந்துவிடும். ஆனால் ஒரு ஃபைனலுக்கு முந்தின நாள் அவன் செய்தது சிரிக்கிற காரியமில்லை. திண்டிவனம் கோல்கீப்பர் வந்த பைக் மயிலம் ரோட்டில் லாரியில் மோதிவிட்டது என்று ஒரு புளுகைப் போட்டான். அந்தப் பையனின் அம்மா கட்டின புடவையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இனி ஜென்மத்துக்கும் இவனை உள்ளே விடக்கூடாது என்று கலைமதி அன்றைக்கு முடிவு கட்டினாள்.

பிறகு அந்த டிசம்பர் மழை வந்தது.

ஏரி தெருவுக்குள் வந்தது, ஆறு ஊருக்குள் வந்தது. கரண்டு போனது. விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் சனங்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். முதல் நாள் காலையில் குரூப்பில் ஒருவன், குழந்தைக்குப் பால் பவுடர் கிடைக்குமா என்று கேட்டான். இன்னொருவன் என்னிடம் இருக்கிறது என்றான். மூன்றாவது ஆள் என்னிடம் வண்டி இருக்கிறது என்றான். மத்தியானத்துக்குள் குரூப் ஹாக்கியைச் சுத்தமாக மறந்துவிட்டது. கலைமதி யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று லிங்கைத் திறந்துவிட்டாள். கடையில் இன்வெர்ட்டர் இருந்ததால் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்தாள். பழைய லெஃப்ட் பேக் அறிவுச்செல்வன் மரக்காணம் பக்கத்தில் ஒரு மீனவர் படகைக் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் பக்கம் போனான். எங்கே போக வேண்டும் என்று கலைமதி சொல்வாள், அவன் போவான். கைக்குழந்தைக்காரிகள், நிறைமாத கர்ப்பிணி, ஒரு ஆட்டு மந்தை என்று அந்தப் படகு கரை சேர்த்தது கொஞ்சநஞ்சமில்லை. அதெல்லாம் மெய்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

தண்ணீர் வடிந்தது. குரூப் மட்டும் பழையபடி ஆகவில்லை. பேர் மாறியது; 'திண்டிவனம் ஸ்டிக்ஸ்' என்றிருந்தது 'திண்டிவனம் கரங்கள்' ஆனது. ரத்தம் வேண்டும், வேலை காலி, சிவப்பு வெள்ளைப் பசு காணவில்லை, ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்குமா என்று நாள் முழுக்கச் செய்தி வந்தது. ஹாக்கி மட்டையையே கண்ணால் பார்க்காதவர்கள் பாதிக்குமேல் சேர்ந்துவிட்டார்கள். ஒரு நாள் ஓசூர்ப் பெண் தயங்கித் தயங்கி, மண்டல மேட்சில் நம் பையன்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டாள். கலைமதி அவளுக்கு ஒரு பச்சைக் கட்டம் போட்டாள். 'இது சேவை குரூப். மேட்ச் பேச்செல்லாம் தனியா வச்சிக்கோங்க.'

"ஆட்டம் போயி அன்னதானம் வந்துடுச்சி" என்று அவள் புருஷன் குமரேசன் கிண்டல் செய்தான். கலைமதிக்கு அந்தக் கிண்டல் பிடித்திருந்தது. அம்பயர் அக்கா போய் வெறும் 'அக்கா' ஆகியிருந்தாள். பேங்குக்குப் போனால் எழுந்து நிற்கிறார்கள். யாருக்குத்தான் கசக்கும்?

தை பிறந்ததும் விழுப்புரத்திலிருந்து பெரியதம்பி என்று ஒருவர் போன் செய்தார். அங்கே ஒரு நற்பணி மன்றத்துக்குத் தலைவர். வெள்ளத்தில் உதவியவர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்யப்போகிறார்களாம். கல்யாண மண்டபம் பேசியாகிவிட்டதாம்.

"உங்க குரூப்புதாம்மா மொத மரியாதை. உங்கள எப்படி புடிச்சோம் தெரியுமா? மாதா கோயில் பின்தெரு அந்தோணியம்மான்னு ஒரு கெழவி. ஸ்கூலு கேம்ப்புல படுத்துக்கினு, வர்றவங்க போறவங்க கிட்டலாம் திண்டிவனத்துப் பொண்ணு படகு அனுப்பிச்சா, கலைமதின்னு பேரு, அவ நல்லா இருக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாங்க. பாவம், சளி நெஞ்சுல கட்டி, கொஞ்ச நாள்ல போய்ச் சேந்துட்டாங்க. அவங்க படகு கேட்டு அனுப்புன மெசேஜு உங்க குரூப்புல இருக்கும் இல்ல? அத எடுத்துக் குடுங்கம்மா. பெருசா பேனர்ல போட்டுடலாம்."

கலைமதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தோணியம்மா என்ற பேர் நினைவுக்கு வரவில்லை. வராதது ஆச்சரியமுமில்லை, எத்தனை பேர் கேட்டார்கள். போனை வைத்துவிட்டு, கடையில் உட்கார்ந்தபடியே குரூப்பில் 'மாதா கோயில்' என்று அடித்துத் தேடினாள்.

ஒரே ஒரு செய்திதான் இருந்தது.

'அம்பயர் அக்கா, இது பொய் இல்ல. அம்மாவால நடக்க முடியாது. நாங்க மொட்ட மாடியில இருக்கோம். தண்ணி பாதிப் படி ஏறிடுச்சி. படகு அனுப்புங்க. மாதா கோயில் பின்தெரு. இது அமலா நம்பரு, என் நம்பருல உள்ள வர முடியல. - சவுரி.'

படத்தில் ஒரு பெண்ணும் குழந்தையும். அதற்குக் கீழே அவளுடைய பதில்: 'சவுரி, ஊரே முழுகிக்கினு இருக்குது, இப்பவும் உனக்கு வெளாட்டா? இந்தத் தடவ பொம்பள பேரு அமலாவா? அவுட்.' அதோடு ஒரு சிவப்புக் கட்டம். பிறகு சம்பிரதாயம். கட்டத்துக்குமேல் கட்டம், விரலால் தள்ளத் தள்ளச் சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. அத்தனை வெள்ளத்திலும் நேரம் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். துபாயிலிருந்துகூட.

சிவப்பெல்லாம் முடிந்த இடத்தில் அறிவுச்செல்வன் கேட்டிருந்தான்: 'அக்கா, எல்லாரையும் எறக்கியாச்சி. பைபாஸ் பாலத்துகிட்ட நிக்கறோம். அடுத்து எங்க?'

'வெயிட் பண்ணுங்க, சொல்றேன்' என்று அவள் எழுதியிருந்தாள்.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு அவனே மறுபடியும் கேட்டிருந்தான்: 'அக்கா, படகு சும்மாதான் நிக்குது.'

பைபாஸ் பாலத்திலிருந்து மாதா கோயில் கூப்பிடு தூரம். இது விழுப்புரத்துக்கு ஒரு தடவை போனவர்களுக்கும் தெரியும்.

கலைமதி 'அவுட்' என்று தான் போட்ட அந்தப் பதில்மேல் விரலை வைத்து அழுத்தினாள். எல்லோருக்கும் அழிக்கிற காலம் கடந்துவிட்டது, வேண்டுமானால் உனக்கு மட்டும் அழித்துக்கொள் என்றது போன். அவள் விரலை எடுத்துக்கொண்டாள். மானம் போவது என்றால் நாலு பேர் பார்க்கப் போவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். ஒருவரும் பார்க்காமல், ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அது போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. பட்டா நகல் எடுக்க வந்தவரிடம் சர்வர் வேலை செய்யவில்லை என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

சாயங்காலம் குமரேசனிடம் சொன்னாள். அவன் செய்தியைப் படித்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"அவன் பண்ண வேலைக்கு யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. இத போயி மனசுல வச்சிக்கினு பேஜாராவாத. போனமா, சால்வைய வாங்கனமா, வந்தமான்னு இரு."

"அந்தம்மா நான்தான் படகு அனுப்புனேன்னு ஏன் சொன்னாங்க?"

அந்தக் கேள்வி இருக்கும்வரை சால்வையைப் பற்றி நினைக்க முடியாது என்று தோன்றியது. மறுநாள் கடையைத் திறக்காமல் விழுப்புரம் பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். எப்படி ஆரம்பித்தாலும் ஒவ்வொரு வாக்கியமும் 'நீ அன்னிக்கு அப்படி பண்ணதால' என்றே முளைத்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறவள் வழக்குக்குத் தயாராகிக்கொண்டு போகிறேனே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் ஒத்திகையை விட்டுவிட்டாள்.

மாதா கோயில் பின்தெருவில் வீடு கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. சுவரில் ஜன்னலுக்கு மேலே தண்ணீர் நின்ற கோடு இன்னும் பழுப்பாகத் தெரிந்தது. படத்தில் பார்த்த பெண் கதவைத் திறந்தாள்.

"யாருங்க?"

"திண்டிவனத்துல இருந்து வர்றேங்க. என் பேரு கலைமதி."

அமலா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். பிறகு, "உள்ள வாங்க. பட்டறையிலதான் இருக்காரு, கூப்பிடறேன்" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். திட்டியிருந்தால் கலைமதிக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

எதிர்ச் சுவரில் அந்தோணியம்மாவின் படம், மாலையும் ஜெபமாலையுமாக. காதில் பெரிய கம்மல் போட்டுக்கொண்டு, போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னதற்காகச் சிரித்த முகம். கலைமதி அந்தப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவுரிராயன் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். இத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டவர்கள் நேரில் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவள் நினைத்ததைவிட ஒல்லியாக, முன்தலை வழுக்கையாக இருந்தான். அவளைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்பது போல வாசலிலேயே நின்றான்.

"வாங்கக்கா" என்றான். "போன்ல சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

"அந்த மெசேஜ நேத்துதான் மறுபடி பாத்தேன் சவுரி. நான்..." கலைமதிக்கு அதற்குமேல் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று பட்டது. ஸ்கோர் தப்பாகப் போட்டாலும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள்.

"அய்ய, உட்காருங்கக்கா. புலி வருது புலி வருதுன்னு சொன்னவன் நானு. நெசமா வந்தப்ப யாரு நம்புவா? அந்த கோல்கீப்பரோட அம்மா அழுதாங்க இல்ல, அந்தப் பாவந்தான்னு நெனச்சிக்கினேன்."

"நீ பொய் சொன்ன, சரி" என்று அமலா அடுப்படிப் பக்கத்திலிருந்து சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. "அத்த என்னா பொய் சொன்னாங்க? எம் புள்ள என்னா பொய் சொன்னா?"

அது அவனைக் கேட்ட கேள்வி இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

கேட்க வந்ததைக் கலைமதி கேட்டாள். "நான்தான் படகு அனுப்புனேன்னு அம்மா ஏன் சொன்னாங்க?"

சவுரி தலையைக் குனிந்துகொண்டான். பதில் அமலாதான் சொன்னாள்.

"இவரு மெசேஜ் போட்டாரு. ஒடனே நீங்க தூக்கிட்டீங்க. அத்த மழையில நனஞ்சிக்கினு பக்கத்துலயே குந்திக்கினு, என்னாடா சொன்னாங்க, என்னாடா சொன்னாங்கன்னு கேக்கறாங்க. இவரு போன பாக்கறாரு, என்ன பாக்கறாரு. படகு கெளம்பிடுச்சிம்மா, திண்டிவனத்து அக்கா அனுப்பிட்டாங்கன்னு சொல்லிட்டாரு. வேற என்னா சொல்லுவாரு? அப்புறம் பொழுது சாயற வரைக்கும் அதே பேச்சுதான். எங்கடா வருது, எங்கடா வருதுன்னு. அந்தப் பொண்ணு பேரு என்னான்னு கேட்டு, உங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணாங்க. நானுந்தான் ஆமென் சொன்னேன்."

கலைமதி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுகை வரவில்லை. அழுதால் இவர்கள் சமாதானம் சொல்ல வேண்டியிருக்குமே என்று நினைத்ததும் அது உள்ளேயே நின்றுவிட்டது.

"சாயங்காலம் பக்கத்து ஊரு பசங்க லாரி டியூப கட்டிக்கினு வந்து தூக்கினு போனாங்கக்கா" என்றான் சவுரி. "அம்மா அவங்கள பாத்து, திண்டிவனத்துல இருந்தா வர்றீங்கன்னு கேட்டாங்க. அந்தப் பசங்களுக்கு என்னா தெரியும், ஆமாம் பாட்டின்னுட்டானுங்க. அவ்ளோதான். கேம்ப்புல அதையே சொல்லிக்கினு இருந்தாங்க."

"நான் மேடையிலயே சொல்லிடறேன்" என்றாள் கலைமதி. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சொன்னதும் மூச்சு லேசானது. "எல்லார் முன்னாடியும் நடந்தத சொல்லிட்டு, சால்வைய திருப்பிக் குடுத்துடறேன். குரூப்புலயும் போட்டுடறேன்."

"வேணாங்கக்கா."

"இல்ல சவுரி, சொல்லித்தான் ஆவணும்."

"வேணாம்னு சொல்றேன் இல்ல." முதல் தடவையாக அவன் குரல் கொஞ்சம் தடித்தது. "எங்கம்மா சாவுக்கு வந்தவங்க எல்லாம் என்னா பேசிக்கினாங்க தெரியுமா? நாள் பூரா நாலு வூட்டு வேல செஞ்ச பொம்பள, அவளுக்காக திண்டிவனத்துல இருந்து படகு வந்துச்சு பாரு, அந்தோணியம்மா புண்ணியவதின்னு பேசிக்கினாங்க. எங்க மாமன் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாரு. நீங்க மேடையில ஏறி அப்படி இல்லன்னா, எங்கம்மாவுக்காக யாரும் வரலன்னு ஆயிடும். நான் சொன்னது பொய்யி, சரி. அது அவங்க கூடவே போவட்டும்."

கலைமதி அமலாவைப் பார்த்தாள்.

"எனக்குன்னா நீங்க சொல்லணும்" என்றாள் அமலா. "உங்களுக்கு அது லேசா இருக்கும்னு தெரியும், இருந்தாலும் சொல்லணும். ஆனா அவருக்குத்தான அம்மா."

சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று தான் ஆசைப்பட்டது அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு சுலபமாகத் தெரிந்துவிட்டதே என்று கலைமதி கூசிப்போனாள். தண்டனை என்று நினைத்துக்கொண்டு பரிசு கேட்டிருக்கிறாள்.

கிளம்பும்போது சவுரி தெருமுனைவரை கூட வந்தான். ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது, எதையாவது பேச வேண்டும் என்பதற்காகப் பேசுகிறவன் போல, "நான் குரூப்புக்கெல்லாம் வரலக்கா. மண்டல மேட்ச் என்னாச்சி, அத மட்டும் சொல்லுங்க. பேப்பர்ல பாத்தேன், போடல. எங்க பசங்களா, உங்க பசங்களா?" என்று கேட்டான்.

கலைமதிக்குத் தெரியவில்லை. மேட்ச் எந்த நாளில் நடந்தது என்பதுகூடத் தெரியவில்லை. "பாத்துச் சொல்றேன்" என்றாள்.

"பரவால்ல, இப்ப பெரிய பெரிய காரியமெல்லாம் பண்ணிக்கினு இருக்கீங்க" என்றான். அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மெய்யாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னான்.

விழாவுக்கு முன்னால் பெரியதம்பி அந்தச் செய்தியைக் கேட்டுக் கேட்டுப் போன் செய்தார். போன் மாற்றியதில் அழிந்துவிட்டது என்று கலைமதி சொன்னாள். பொய் சொல்வது பழகிவிட்டது போல நாக்கு தயங்கவேயில்லை. கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். அறிவுச்செல்வன் புதுச் சட்டையில் வந்திருந்தான். குரூப்பிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். முன் வரிசையில் அவள் கண் தேடியபடியே சவுரியும் அமலாவும் குழந்தையும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை மன்றத்துக்காரர்களே அழைத்து உட்காரவைத்திருந்தார்கள். மேடையில் வைத்த பேனரில், வெள்ளத்துப் படங்களுக்கு நடுவில் அந்தோணியம்மாவின் முகம், அதே கம்மலோடு.

மாலை, சால்வை, கேடயம். பேச்சாளர் ஒருவர், விளையாட்டு ரசிகர்கள் என்றால் வெட்டியாகக் கத்துகிறவர்கள் என்று நினைக்கிறோம், இந்தத் தங்கை அதைப் பொய்யாக்கிவிட்டார் என்றார். கைதட்டினார்கள். சவுரியும் தட்டினான். மைக்கைக் கையில் கொடுத்தபோது கலைமதி அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சவுரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாருக்கும் நன்றிங்க" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார் பெரியதம்பி. அதற்கும் ஒரு கைதட்டல்.

மேடையை விட்டு இறங்கியதும் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே சவுரி, "மாமா, அப்புறம் பேசிக்கலாம் வா" என்று அவர் தோளைப் பிடித்தான். அவர் உதறிவிட்டார். கலைமதியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கை மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. அவளுக்குக் கையை உருவிக்கொள்ளத் தோன்றியது, முடியவில்லை.

"நான் அந்தோணியம்மா தம்பிம்மா. கூடப் பொறந்தவன் இருந்தும் பக்கத்துல இல்ல. நீ எங்கயோ இருந்துக்கினு படகு அனுப்புன."

"இருக்கட்டுங்கய்யா."

"உன்ன ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். இவன கேட்டா வாயே தெறக்க மாட்டன்றான். படகுல போனவங்க உங்கிட்ட சொல்லியிருப்பாங்க இல்ல. எங்க அக்கா அப்ப ரொம்ப பயந்தாங்களாம்மா? அழுதாங்களா?"

சவுரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அமலா திருப்பிக்கொள்ளவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கலைமதி வாயிலிருந்து என்ன வருகிறது என்று பார்த்து நின்றாள். சால்வை தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. அதை இழுத்துவிடக்கூடக் கை இல்லை, இரண்டும் அந்தப் பெரியவரிடம் இருந்தன.

"இல்லீங்கய்யா" என்றாள் கலைமதி. "நான் அனுப்புனதும் படகு ஜல்தியா போயிடுச்சி. அம்மா தைரியமாத்தான் ஏறுனாங்களாம்."